நல்லெண்ணத்துடன்

பக்கத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்,
பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு.
ஒன்பது நாடுகள், பதினான்கு வரிசைகள்,
ஒரே அட்டவணை.
திங்கட்கிழமைக்குள் வேண்டுமென்று
துமாஸ் வீதி அலுவலகத்திலிருந்து
மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள்.

முத்தியால்பேட்டை மாடியில்
மின்விசிறிக்குத் தாள்கள் பறக்காமலிருக்க
சுவீடன்மேல் மிளகாய்ப்பொடி டப்பா,
ஜப்பான்மேல் என் கைப்பேசி.

முதல் வரிசை: அடித்தல்.
சுவீடன், எழுபத்தொன்பதாம் ஆண்டு.
பெற்றவர்களும் கைநீட்டக் கூடாதென்று சட்டம் போட்டு
அதைப் பால் அட்டைகளில் அச்சடித்தார்களாம்.
காலையில் பாலூற்றும்போதே
வீடு முழுக்கப் படிக்கட்டுமென்று.

பிரான்ஸ் அதற்கு நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டது.
கல்யாணத்தன்று மேயர் நின்று வாசிக்கும் பிரிவிலேயே
சேர்த்துவிட்டார்கள்,
உடலுக்கோ மனதுக்கோ வன்முறையின்றி என்று.
மோதிரம் மாற்றுமுன்
இன்னும் பிறக்காத ஒரு முதுகைப் பற்றிப் பேச்சு.

இந்தியக் கட்டத்தில்
பள்ளிக்கூடத்தில் கூடாது.
பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு
அதன் நன்மைக்கென, நல்லெண்ணத்துடன் செய்தது
குற்றமாகாது.
பழைய புத்தகத்திலிருந்து புதிய புத்தகத்துக்கு
எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு குடிவந்த வரி.
நல்லெண்ணம் என்றுதான் எழுதினேன்,
அகராதி வேறெதுவும் தரவில்லை.
எங்கள் தெருவில் அதற்குப் பெயர்
புளிய மிளாறு.

திருமண வயதில் ஒரு எண்
பிழையோ என்று இரண்டு முறை பார்த்தேன்.
இரண்டாயிரத்து ஆறு வரை
பிரான்சில் பெண்ணுக்குப் பதினைந்து.
நமக்கு எழுபத்தெட்டிலேயே பதினெட்டு.
ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பிறகு போன தையில்
மொய் வைத்துவிட்டு வந்த கல்யாணம் நினைவுக்கு வந்தது.
பெண் பத்தாவது முடித்தாளா என்று
நான் கேட்கவில்லை.
பந்தியில் வடை சூடாக இருந்தது.

குற்றப் பொறுப்பு வயது:
பிரான்சுக்குப் பதின்மூன்று, இங்கிலாந்துக்குப் பத்து,
நமக்கு ஏழு.
பால்பல் விழும்போதே
குற்றம் முளைத்துவிடுகிறது.

யூஜினிக்கு ஒன்பது.
அன்று சாயங்காலம் அவள் பையில்
மதிப்பெண் அட்டை கிடைத்தது.
கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு.
பெற்றோர் கையொப்பத்தில்
என் கையெழுத்து, நான் போடாதது.
பிலோமினாவின் வாலைச் சுழித்து
அடியில் இரண்டு புள்ளி வைத்து.
எதை நம்பித் தூதரகம்
என் பக்கங்களை உண்மை நகலென்று ஏற்கிறதோ
அதே.

கையில் மரஸ்கேல் இருந்தது,
தமிழ்ப் பிரதிக்குக் கோடு போட எடுத்தது.
ஒன்று.
இன்னொன்று.
முழங்காலுக்குப் பின்னால்,
பாவாடை மறைக்கும் இடமாகப் பார்த்து.
அந்த இடத்தை என் கை எங்கே படித்தது?

அவள் அழவில்லை.
"பிரான்சா இருந்தா நீ இப்ப மாட்டியிருப்ப" என்றாள்.
மேசையில் கிடந்ததைப் படித்திருக்கிறாள்.
தெளிவாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன் போல.
அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை,
வெறும் வாக்கியம்தான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

ராத்திரி, கடைசிக் கட்டம்.
தலைப்பு: நடைமுறையில்.
இந்தியாவுக்கு நேரே: தரவு இல்லை.
மொழிபெயர்ப்பவள் எதையும் சேர்க்கக் கூடாது,
எதையும் விடக் கூடாது.
தரவு
அடுத்த அறையில் குப்புறப் படுத்திருந்தது.

காலையில் பான்லே பாக்கெட்டை வெட்டுமுன்
பேனாவால் அதன்மேல் எழுதிப் பார்த்தேன்.
ஈரம், பிளாஸ்டிக்.
கை என்பது வந்தது.
அதற்குமேல் மை வழுக்கிக்கொண்டு போயிற்று.

யூஜினி மதிப்பெண் அட்டையை நீட்டினாள்.
அவள் போட்டதற்குப் பக்கத்தில்
என்னுடையதைப் போட்டேன்.
இரண்டில் நடுக்கமில்லாதது
அவளுடையது.

தள்ளி நின்றே பார்த்துவிட்டு
"பால் பொங்குது" என்றாள்.